அண்ணனைத் தூக்கிப் போன வேன்

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைக் கை காலைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். குடியை நிறுத்த வைப்பதாகச் சொன்ன ஒரு மறுவாழ்வு மையத்தின் ஆட்கள். பணம் கட்டியது நாங்கள்தான். மூன்று மாதம் உள்ளேயே வைத்திருந்தார்கள். வெளியே வந்த ஒன்பதாம் நாள் குடித்தார். அதுகூடப் பரவாயில்லை, ஒரு வருடம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

2017 மனநலச் சட்டம் குடி, போதையால் வரும் மனப் பாதிப்பையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. விருப்பம் இல்லாதவரைச் சேர்க்க அதில் தனி நடைமுறை உண்டு. வேனில் தூக்கிப் போவது அதில் வராது. அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்று அதே மாதிரி ஒரு மையத்தின் போன் நம்பரை வைத்துக்கொண்டு யோசிக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: முதலில் ஆஸ்பத்திரியில் குடிக்குச் சிகிச்சை தரும் ஓ.பி.க்கு, அதாவது சேராமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிரிவுக்கு, கூட்டிப் போங்கள்.

பிறகு நாங்கள் ஓ.பி.க்குக் கூப்பிட்டபோது, ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அண்ணன் புதுச்சேரிக்குத்தான் வருவேன் என்றார். டாக்டர் முதலில் கேட்டது, “முன்னால் நிறுத்தினபோது வலிப்பு வந்ததா? ஆள் தெரியாமல் பேசினீர்களா?” தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதையொட்டி மனக்குழப்பமும் வரலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வார்டுதான் பாதுகாப்பு. அண்ணனுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை. கைநடுக்கத்துக்கு நாளுக்கு நாள் அளவு குறையும் மாத்திரை, தயமின் வைட்டமின். மாத்திரை அண்ணி கையில். அப்புறம் குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மாத்திரை, வாராவாரம் கவுன்சிலரோடு பேச்சு.

சாம்பாரில் தெரியாமல் மருந்து கலந்து கொடு என்று அம்மாவிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் கலக்கச் சொல்லும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு, டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

கடலூரிலிருந்து போகிறவர்களுக்குத் தெரியும், புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் ஒயின்ஷாப்தான். அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அரியாங்குப்பம் வரும்வரை அவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். அடைத்து வைத்த மூன்று மாதத்தில் அண்ணன் ஒரு கடையைக்கூடக் கடக்க வேண்டியிருக்கவில்லை. ஓ.பி.க்குப் போன ஒவ்வொரு செவ்வாயும் அத்தனையையும் கடந்தார், போகும்போதும் வரும்போதும். ஐந்தாம் மாதம் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டார். அடுத்த செவ்வாய் போனபோது டாக்டர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டார். சர்க்கரை ஏறினால் திரும்பப் போவதில்லையா, அப்படித்தான்.

ஆனால் நாங்கள் போன ஓ.பி. காலையில் மட்டும்தான். அண்ணன் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வெல்டர். ஒரு செவ்வாய் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மத்திய அரசின் 2019 ஆய்வுப்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் மனசில்லை என்று நான் நம்பமாட்டேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் வாரம் இரண்டு நாளாவது மாலை ஓ.பி. வேண்டும். வேலை முடித்து, சட்டையில் கரியோடு வந்து நிற்கிறவரைப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும்.

அதுவரை, போனில் பேச மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஓ.பி.க்குப் போகத் துணைக்கு ஆள் இல்லையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன்.