கண்ணாடி மாதிரித் தண்ணீர்

எங்கள் அடுக்ககத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டு வருடமாக என்னிடம். மாதாமாதம் ஆய்வக அறிக்கை வரும், ஒரே பக்கம். அமிலத்தன்மைக்குப் பிஎச், கரிமக் கழிவின் அளவுக்குப் பிஓடி, சிஓடி, கரையாத துகளுக்கு டிஎஸ்எஸ், மலக்கிருமிக்குக் கோலிஃபார்ம். எல்லாம் வரம்புக்குள் இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிடுவேன்.

போன மாதம் ஆபரேட்டர் தம்பி சுத்திகரித்த தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து நீட்டினார். "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு." உண்மைதான். ஆனால் மேலே 140 வீடுகள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மூட்டுவலி என்று மாத்திரை டப்பா இல்லாத வீடு எது? விழுங்குகிற மருந்தில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறி இங்கேதான் வருகிறது. அதைப்பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

தொட்டியில் காற்றடித்து வளர்க்கிற பாக்டீரியாக்கள் மலக்கழிவைத் தின்னும். பாராசிட்டமாலையும் பெரும்பாலும் தின்றுவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைனை அவை சீண்டுவதே இல்லை. வந்தது ஏறக்குறைய வந்தபடியே வெளியே போகும். மூட்டுவலிக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் ஓரளவுதான் குறையும்.

"துளியூண்டுதானே" என்பார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கோடைதோறும் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை 20 கோடி லிட்டரில் கரைத்தால் வருகிற அளவு அது. ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் ஊறியது. அங்கிருந்த சிறுமீன் இனம் ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போனது.

கழிவுநீரிலிருந்து இந்த மாதிரி மிச்சங்களை நீக்க சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. முக்கியமான நிலையங்களில் ஓசோனோ கரித்தூளோ சேர்த்து வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் போட்ட சட்டத்தில், இந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதம் மருந்து, அழகுசாதன நிறுவனங்களின் தலையில். நம் நாட்டில்? மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் வரைவு விதி வந்தது. 2021இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகளைக் காணோம். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

சென்னையில் சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் விட்டுக் குடிநீருக்கு எடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. நான் அதற்கு எதிரியில்லை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றவன். ஏரிக்குள் விடுமுன் கார்பமாசெபைன், டைக்ளோஃபினாக் இரண்டையாவது அளக்கட்டும், அந்த எண்களை ஊருக்குச் சொல்லட்டும். அளக்காததை எப்படி நீக்குவது?

எங்கள் தண்ணீரை இந்த இரண்டுக்கும் சோதித்துத் தர முடியுமா என்று ஆய்வகத்தில் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார்கள். என்ன செலவாகும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.