பாக்கி எவ்வளவு என்று அரசுக்கே தெரியாது

2018 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த நாலாம் எண் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 'ஆம்' போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் சிறை, பரோல் (சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் காலம்) எல்லாம் முடித்துவிட்டால் வாக்குரிமை தானாகவே திரும்ப வேண்டும் என்றது அது. கொலைக்கும் பாலியல் குற்றங்களுக்கும் பொருந்தாது. ஜெயிக்க 60 சதவீதம் தேவை. கிட்டத்தட்ட 65 கிடைத்தது. 1868 அரசியல் சட்டத்திலேயே இருந்த தடை ஒழிந்தது என்று அன்றைக்கு நம்பினோம்.

அடுத்த வருஷமே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டுக் குறுக்கே வந்தது. அபராதம், கோர்ட் கட்டணம், நஷ்டஈடு எல்லாவற்றையும் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாகக் கணக்காம். சரி, எவ்வளவு கட்ட வேண்டும்? அதைச் சொல்ல ஆளில்லை. ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் 153 பேருடைய பாக்கியைத் தேடிப் பார்த்தார்கள். மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாருடைய ஆவணங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2020 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் தன் தீர்ப்பில் இதை எழுதி, சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்றார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்று அதைப் புரட்டிப்போட்டது.

நஷ்டஈடு பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய பணம் ஆயிற்றே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பணத்தைக் கட்டாயம் வசூலிக்கட்டும். ஆனால் வரி பாக்கி வைத்திருக்கும் பணக்காரரை யாரும் வாக்குச்சாவடியில் தடுப்பதில்லையே?

2022 ஆகஸ்டில் சட்டவிரோதமாக வாக்களித்ததாக 20 பேர் மீது வழக்கு. அவர்களுக்குத் திருத்தம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை அனுப்பியதே தேர்தல் அலுவலகம். அட்டை கொடுத்தவர்களைக் கேட்காமல், அதை நம்பிப் போனவர்கள் கையில் விலங்கு மாட்டுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

வாக்கு கிடைத்தாலும் அதோடு முடியவில்லை. ஜூரியில் உட்காரவும் பதவிக்குப் போட்டியிடவும் கவர்னர் தலைமையிலான கருணைக் குழுவிடம்தான் போக வேண்டும். இந்தத் திருத்தத்துக்காக ஊர் ஊராக அலைந்த டெஸ்மண்ட் மீட்டும் ஃபெலனி தண்டனை பெற்றவர்தான்; வீடில்லாமல் இருந்த நிலையிலிருந்து மீண்டு 2014-ல் சட்டப் படிப்பை முடித்தவர். அவருக்கே சிவில் உரிமைகள் திரும்பியது 2021-ல்தான். அதுவரை வக்கீலாகப் பதிவு செய்யக்கூட வழியில்லை.

இங்கே வாக்குள்ள தமிழர்கள் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்றைக் கேளுங்கள். பாக்கி இருக்கிறது என்றால் தொகையை அரசு எழுத்தில் தரட்டும். குறித்த நாளுக்குள் தர முடியவில்லையென்றால் அந்த மனிதரை வாக்களிக்க விடட்டும்.