12 மில்லிவோல்ட்டுக்குப் போன மார்க்

எல்.வி.டி.டி. என்பது ஒரு பொருள் எவ்வளவு நகர்ந்தது என்பதை வோல்டேஜாகக் காட்டுகிற சென்சார்: ஒரு பிரைமரி சுருள், இரண்டு செகண்டரி சுருள், உள்ளே நகரும் கோர் என்கிற இரும்புத் துண்டு. கோர் நடுவில் நின்றால் இரண்டு செகண்டரியும் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம் வர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கோரை நட்டநடுவில் நிறுத்தினாலும் அவுட்புட் சுத்தமான பூஜ்யமாக வராது. செகண்டரி சுருள் இரண்டையும் எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் துளி வித்தியாசம் இருக்கும். பிரைமரிக்குக் கொடுக்கிற சைன் அலையில் ஹார்மானிக்ஸ், அதாவது வேண்டாத மேல் அதிர்வெண்கள் கலந்திருக்கும். சுருள்களுக்கு நடுவே நாம் வைக்காத கெபாசிட்டன்ஸ் ஒன்று தானாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்து சில மில்லிவோல்ட் மிச்சம் நிற்கும். அதற்கு ரெசிடுவல் வோல்டேஜ் என்று பெயர் வைத்து, தியரி பரீட்சையில் 2 மார்க் கேள்வியாகவும் கேட்கிறார்கள். அதையே லேபில் மீட்டரில் பார்த்து, பார்த்தபடி 12 மில்லிவோல்ட் என்று எழுதினால் மார்க் போகும். எனக்குப் போனது.

"என்னம்மா இது, நல் பொசிஷன்ல ஜீரோ வரணுமே. ரீடிங் ஒழுங்கா எடுக்கலையா?"

"மேம், ரெசிடுவல் வோல்டேஜ் இருக்கும்ல மேம்..."

"அதெல்லாம் தியரி. கிராஃபைப் பாரு, கீழே தொடவே இல்லை. மாத்தி எழுதிட்டு வா."

அதெல்லாம் தியரியாம்! லேபில் கண்ணெதிரே மீட்டர் காட்டுகிறது தியரி, புத்தகத்தில் கோடு போட்டு வரைந்திருக்கிற 'வி' வடிவப் படம்தான் பிராக்டிகல். இந்தத் தலைகீழ் ஞாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். சென்சார், டிரான்ஸ்டியூசர், அளவீடு, பிழை, இதுதான் எங்கள் பிழைப்பு. முதல் யூனிட்டே அக்யூரசிக்கும் பிரசிஷனுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு கருவி எவ்வளவு பொய் சொல்கிறது, எந்தத் திசையில் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த வேலையும். அப்படிப்பட்ட பாடத்தில், கருவி காட்டியதை மறைத்தவருக்கு முழு மார்க், காட்டியதை எழுதியவருக்கு வெட்டு. வேறு பாடமாக இருந்தால் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

தெர்மோகப்பிள் கதையைக் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்து, வெப்பத்தை மில்லிவோல்ட்டாகக் காட்டுகிற சென்சார் அது. கே டைப், குரோமெல்-அலுமெல். டேபிளில் 100 டிகிரிக்கு 4.096 மில்லிவோல்ட் என்று இருக்கும். அந்த டேபிள், கோல்டு ஜங்ஷன் என்கிற மறுமுனை பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது என்ற கணக்கில் போட்டது. எங்கள் லேபில் ஐஸும் கிடையாது, ஏசியும் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள்ளேயே 32 டிகிரி. அந்த 32 டிகிரிக்கு உரிய கிட்டத்தட்ட 1.3 மில்லிவோல்ட் கழிந்து, கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் மீட்டரில் 2.8 பக்கம்தான் வரும். வரவேண்டியதும் அதுதான். இந்தக் கழிவைச் சரிக்கட்டுகிற கோல்டு ஜங்ஷன் காம்பென்சேஷன் என்றால் என்ன என்று மூளையில் ஆணி அடித்தாற்போல் ஏற, இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு வாத்தியாருக்குக் கிடைக்குமா? எங்கள் பேட்சில் எல்லார் ரெக்கார்டிலும் 4.1. ஒருவர் விடாமல். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, ரெக்கார்டு நோட்டுக்குள் மட்டும் கோல்டு ஜங்ஷன் உறைபனியில் இருக்கிறது.

எடையை அளக்கிற லோடு செல் பரிசோதனை இன்னும் அழகு. எடையை ஒவ்வொன்றாக ஏற்றி ரீடிங் எடுக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக இறக்கியும் எடுக்க வேண்டும். ஏறும்போது வந்ததும் இறங்கும்போது வந்ததும் கொஞ்சம் பிசகும். அதுதான் ஹிஸ்டரிசிஸ். அதைப் பார்க்கத்தானே இறக்கும்போதும் ரீடிங் எடுக்கச் சொல்கிறார்கள்? நடப்பது என்ன தெரியுமா? ஏற்றும்போது எடுத்ததை அப்படியே கீழிருந்து மேலாகப் பக்கத்துக் கட்டத்தில் காப்பி அடித்துவிட்டு, எடைக்கல்லை எல்லாம் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். ரிசல்ட்டில், "ஹிஸ்டரிசிஸ் ஆராயப்பட்டது" என்று ஒரு வரி. கையெழுத்து, தேதி, பத்துக்குப் பத்து.

எங்கள் லேபில் மார்க் பிரிக்கிற கணக்கு இது: நோக்கம், செய்முறைக்கு 20; சர்க்யூட்டுக்கு 30; ரீடிங், கணக்கு, கிராஃபுக்கு 30; ரிசல்ட்டுக்கு 10; வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு 10. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கமும் செய்முறையும் சீனியர் ரெக்கார்டிலிருந்து வார்த்தை மாறாமல் வருவது. சர்க்யூட்டை இடது பக்கம் பென்சிலால், ஸ்கேல் வைத்துப் போட வேண்டும். கோடு கோணினால் அரை மார்க். அது கிட்டில், அதாவது பரிசோதனைப் பெட்டியில், ஏற்கெனவே அச்சடித்திருக்கிற படம். ரிசல்ட் என்ன வர வேண்டும் என்பது பரிசோதனை தொடங்கும் முன்பே ஊருக்கே தெரியும். ஆக, நிஜமாக எங்கள் கையால் செய்வது ரீடிங் எடுப்பது ஒன்றுதான். அதையும் ரிசல்ட்டிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொள்ளலாம். இழுவிசையில் நீள்வதை அளக்கிற ஸ்ட்ரெயின் கேஜுக்கு, அதன் உணர்திறன் எண்ணான கேஜ் ஃபேக்டர் 2 பக்கம் வர வேண்டுமா? 2-இல் தொடங்கு, சூத்திரத்தைத் திருப்பு, மில்லிவோல்ட்டைப் போடு. ரொம்ப நேர்கோட்டில் வந்தால் சந்தேகம் வருமென்று நடுவில் ஒரு புள்ளியை மட்டும் லேசாகத் தள்ளி வைக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. இதற்கு எங்கள் வகுப்பில் "மேனிபுலேட் பண்றது" என்று பெயர். யாரும் குரலைத் தாழ்த்தியெல்லாம் சொல்வதில்லை. மேம் காதிலேயே விழும்.

இதில் கிட்டுகளின் லட்சணம் வேறு. ஒரு பிரிட்ஜ் சர்க்யூட்டில் ஒரு கை ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்தது. பேட்ச் கார்டு என்கிற இணைப்பு ஒயரை ஆட்டினால் ரீடிங் குதிக்கும். டிஸ்பிளே வைத்த கிட்டாக இருந்தால் 'ஜீரோ' என்று ஒரு திருகு, 'ஸ்பான்' என்று ஒரு திருகு. வேண்டிய எண் வருகிற வரை திருகினால் முடிந்தது கதை. நன்றாக இருக்கிற கிட்டுக்கு முன்னால் ஆறு பேர் நிற்போம். ஒருவர் திருகுவார், ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் எழுதுவோம். ஆறு பேருக்கும் வெவ்வேறு மார்க் வரும். ரீடிங் ஒன்றுதான், கையெழுத்துதானே வேறு!

பல்கலைக்கழக விதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் இன்டர்னலுக்கு 20, செமஸ்டர் தேர்வுக்கு 80 என்று இருந்தது. 2021 விதிமுறையில் தியரிக்கு 40-60 என்றும், லேபுக்கு இன்டர்னல் 60, தேர்வு 40 என்றும் மாற்றினார்கள். லேபில் மாணவர் வருஷம் முழுக்கச் செய்கிற வேலைக்கு மதிப்பு கொடுக்க வேண்டும் என்றால், காகிதத்தில் இது நல்ல மாற்றம்தான். மூன்று மணி நேரத் தேர்வில் எந்தப் பரிசோதனை சீட்டு வருகிறது என்ற அதிர்ஷ்டத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த 60-ஐ எங்கள் கல்லூரியில் எதற்குக் கொடுக்கிறார்கள்? ரெக்கார்டை அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, இண்டெக்ஸில் கையெழுத்து வாங்கி, குறித்த தேதியில் வைத்ததற்கு. சென்சார் லேப் என்பதை எடுத்துவிட்டு எழுத்துப் பயிற்சி வகுப்பு என்று டைம்டேபிளில் போட்டாலும் மார்க் லிஸ்ட் மாறாது.

மேமை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை, அது எனக்கும் தெரியும். ஒரு பேட்சுக்கு முப்பது பேர், இரண்டு பேட்ச், அதோடு இரண்டு தியரி பாடம், அட்மிஷன் வேலை, அப்புறம் அங்கீகாரத்துக்கான அந்த ஃபைல். பொறியியல் படிப்புகளின் சர்வதேச அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. அதன் வழியாக வந்ததுதான் ஒவ்வொரு பாடத்துக்கும் 'சிஓ-பிஓ' அட்டவணை, அதாவது பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு இணைப்பது. மாணவர் எதை அடைய வேண்டும் என்று எங்கள் மேனுவலில் இருக்கிற பன்னிரண்டு இலக்குகளை வைத்து, ஒவ்வொரு லேபும் அதில் எதற்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட வேண்டும். அந்தப் பன்னிரண்டில் நான்காவது, தரவை ஆராய்ந்து முடிவு காண்பது. எட்டாவது, தொழில் நெறி. எங்கள் லேப் மேனுவலின் முதல் பக்கத்திலேயே இரண்டுக்கும் 3 போட்டிருக்கிறது, அதாவது முழுசாக உதவுகிறதாம். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் எல்.வி.டி.டி., நடுவில் பூஜ்யம்.

மார்க் குறைந்தால் 'அட்டெய்ன்மென்ட்', அதாவது இலக்கை எட்டிய அளவு குறையும், குறைந்தால் ஏன் குறைந்தது என்று மேம்தான் பதில் எழுத வேண்டும். 4.1 என்று எழுதிய முப்பது பேருக்கும் 95 போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 2.8 என்று ஒருத்தி எழுதியிருந்தால், அவளுக்கு 95 போட உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாத இடத்தில் யோசிக்கிறவள் தொந்தரவுதானே.

"ஒரு லேப் மார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, 1.5 கிரெடிட்தானே" என்று கேட்டான் ஒரு நண்பன். சரிதான், 91 வந்தால் 'ஓ', அதற்கு ஒன்று கீழே 'ஏ பிளஸ்', அதனால் என் சி.ஜி.பி.ஏ.வில் இரண்டாவது தசமத்தில் ஏதோ மாறும். அதற்காகவா கத்துகிறேன்?

2018 அக்டோபர் 29-ஆம் தேதி ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 189 பேரும் இறந்தார்கள். எதிர்க்காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று காட்டும் ஒரே ஒரு ஆங்கிள் ஆஃப் அட்டாக் சென்சாரை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்த போயிங் மென்பொருளின் மேல் பெரிய பழி இருக்கிறது, அது ஊரறிந்தது. அந்தச் சென்சார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது என்பதைத்தான் எங்கள் துறைக்காரர்கள் தலைமாட்டில் எழுதி ஒட்ட வேண்டும். பழுது பார்த்த இடத்திலேயே காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம் பிசகியிருக்கிறது. முந்தின நாள் பாலித் தீவில் அதை விமானத்தில் பொருத்தியபோது செய்ய வேண்டிய சோதனையின் அளவுகள் பதிவாகவில்லை. சோதனை நடந்ததற்கு ஆதாரமாகக் காட்டிய படங்கள் அந்த விமானத்தில் எடுத்தவை என்று இந்தோனேசிய விசாரணைக் குழு ஏற்கவுமில்லை. ரீடிங் எடுக்காத ஒரு பரிசோதனைக்கு ரெக்கார்டு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிற புத்தி எங்கிருந்து வருகிறது? இருபது வயதில் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்துத்தானே அதை வளர்க்கிறோம்.

தியரி மட்டும் என்ன வாழ்ந்தது? 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. எல்.வி.டி.டி.யின் இயக்கத்தைப் படத்துடன் விளக்கச் சொல்வார்கள், விளக்குவோம். இந்தத் தொட்டியின் மட்டத்தை அளக்க எந்தச் சென்சார் போடுவாய், ஏன் மற்றதைப் போட மாட்டாய் என்று கேட்டு நான் பார்த்தது குறைவு. அதை எழுத வேறொரு நாள் வேண்டும்.

எங்கள் லேபில் டெக்னீஷியன் அண்ணா ஒருவர் இருக்கிறார். டிப்ளமோ. ஒருநாள் நான் 12 மில்லிவோல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வந்து பார்த்துவிட்டு, "மீட்டரை மாத்திப் பாரும்மா, அப்பவும் வந்தா அது காயில்ல இருக்கு" என்றார். மாற்றினோம். அப்போதும் 12. "அப்ப அது உண்மை, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு போனார். அந்த செமஸ்டர் முழுவதிலும் நான் அளவீடு பற்றிக் கற்றது அந்த இரண்டு நிமிஷத்தில்தான். அண்ணாவுக்கு மார்க் போடுகிற அதிகாரம் கிடையாது.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. புது கிட் கூட வேண்டாம், இருக்கிற ஓட்டை கிட்டே போதும். சொல்லப்போனால் ஓட்டை கிட்டில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ரெக்கார்டில் ரிசல்ட் என்று ஒரு வரி எழுதினால் கொடுக்கிற அந்த 10 மார்க்கை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, ஏன் மாறியது என்று மூன்று வரி எழுதச் சொல்லி அதற்கு 10 போடுங்கள். 4.1 என்று எழுதியவரிடம் வைவாவில், "அன்றைக்கு அறையில் எத்தனை டிகிரி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இதற்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டாம், போர்டு மீட்டிங் வேண்டாம், சர்க்குலரும் வேண்டாம். இன்டர்னல் 60 மார்க் உங்கள் கையில்தான் இருக்கிறது, மேம். அப்படியே அந்த எல்.வி.டி.டி. பக்கத்தில் என்னிடம் வெட்டியதையும் திருப்பிப் போட்டுவிடுங்கள். நான் மாற்றி எழுதிக் கொண்டுவரப் போவதில்லை.