சரியாக எழுதியதற்கா தண்டனை?

ஆள் தேர்வுக்கான உளவியல் தேர்வின் மதிப்பெண் பற்றிய நேற்றைய கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். "மதிப்பெண் கணிக்கும் முறையைக் குறை சொல்பவர்களுக்குப் புள்ளியியல் புரியவில்லை" என்று மேடையில் இருந்தவர் சொன்னதும் அவை சிரித்தது. இரவெல்லாம் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. எனக்குப் புரிந்ததால்தான் கேட்டேன்.

மறுபடியும் கேட்கிறேன். ஒரு கேள்விக்குச் சரியான விடை எழுதியதாலேயே ஒருவரின் மதிப்பெண் குறையலாமா?

மொழித்திறனையும் கணக்குத்திறனையும் ஒரே உளவியல் தேர்வில் அளக்கிறோம். சில கேள்விகளுக்கு இரண்டு திறனும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுகட்டும் என்று வைத்துக்கொண்டுதான் கணிக்கிறார்கள். இருவர் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவர்களின் விடைகள் கடைசிக் கேள்வியில் மட்டும் வேறுபடுகின்றன. அது பெரும்பாலும் மொழியைச் சோதிப்பது. சரியாக எழுதியவருக்கு மொழி மதிப்பெண் ஏறுகிறது. உடனே, முந்தைய கலப்புக் கேள்விகளை அவர் வென்றதும் மொழியால்தான் என்று கணிப்பு முடிவுகட்டிவிடுகிறது. கணக்கு மதிப்பெண் இறங்குகிறது. தவறாக எழுதியவர் கணக்கில் முந்திவிடுகிறார்! இது என் கற்பனை அல்ல. ஹூக்கர், ஃபிங்கல்மன், ஷ்வார்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009-இல் 'சைக்கோமெட்ரிகா' ஆய்விதழில் கணித வழியிலேயே நிறுவியது.

"இருக்கும் தகவலுக்கு அதுவே சிறந்த மதிப்பீடு" என்பார்கள். ஒருவரை அறிந்து வழிகாட்டுவதற்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் தேர்வு என்பது போட்டி. சரியாக எழுதினால் நன்மை, நன்மை இல்லாவிட்டாலும் நட்டமாவது வராது என்று நம்பித்தானே எல்லோரும் பேனாவை எடுக்கிறார்கள்?

"வித்தியாசம் மிகச் சிறியது" என்றும் சொன்னார்கள். கட்-ஆஃப் கோட்டருகே நிற்பவரிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரே திறனை அளக்கட்டும், அந்தந்தத் திறனுக்கு அதனதன் விடைகளை மட்டும் கூட்டுங்கள் என்றால், துல்லியம் போய்விடும் என்கிறார்கள். கொஞ்சம் போகும்தான். போகட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பெண் கணிக்கும் பணியில் நானும் இருந்தேன். கணக்குப் பிரிவில் மயிரிழையில் தவறிய ஒரு பெண்ணின் விடைகளைத் தனியே எடுத்து, அவர் சரியாக எழுதியிருந்த ஒரு மொழிக் கேள்வியைத் தவறு என்று மாற்றிக் கணித்துப் பார்த்தேன். தேறிவிட்டார். மேலதிகாரிகளிடம் சொன்னேன். "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்றார்கள். நேற்றும் அதே சொல். எத்தனை ஆண்டுகள்தான் இதையே கேட்பது?

அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து ஒன்றுதான் கேட்டார்: "நான் எந்தக் கேள்வியில் தவறினேன் என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்."