அந்தப் பாடத்தில் பேசுவது நான்தான்

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு காணொளித் துண்டை அனுப்பி, "மிஸ், இது நீங்கதானே?" என்று கேட்டிருந்தாள்.

முதல் ஸ்லைடில் வேறொருவர் பெயர். பேசுவது நான். 2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்தபோது, பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பதிவு செய்த கணக்கியல் பாடம். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். "சாரி, ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவேன். அதுகூட அப்படியே இருக்கிறது.

நான் அப்போது பாடம் நடத்திய தனியார் கல்லூரியை விட்டு மூன்று வருடமாகிறது. நான் பகுதி நேர விரிவுரையாளர், மணிக்கணக்கில் சம்பளம். 14 வார வகுப்புக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அதே பதிவை அடுத்தடுத்த தவணைகளில் ஓட்டுவோம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துப் படித்தேன். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26-ஆவது பிரிவு. படைப்பு முதலில் படைத்தவருக்குத்தான் சொந்தம். ஆனால் வேலையின் ஒரு பகுதியாகச் செய்தாலோ, ஒருவர் சொல்லி அவருக்காகச் செய்து கொடுத்தாலோ, உரிமை முதலாளிக்கு அல்லது செய்யச் சொன்னவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே அப்படிக் கருதப்படாது. பகுதி நேரம் என்பதால் தப்பித்துவிடுவோம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பிரிவை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, லாப நட்டமில்லாப் புள்ளி கண்டுபிடிக்கும் சூத்திரம் யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்கும் செய்முறைக்கும் கணிதக் கோட்பாட்டுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. பாடத்திட்டமும் கல்லூரியுடையது. ஆனால் அந்தச் சூத்திரத்தை நான் ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடையை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்துக் கடை அண்ணனிடம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, கோழி என்ன விலை, கடை வாடகை எவ்வளவு, ஆளுக்கு என்ன சம்பளம், ஒரு தட்டில் எவ்வளவு நிற்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த கணக்கு அது. கணக்கு என்றாலே பயந்த பிள்ளைகள் அந்தத் தட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டார்கள். அதை இன்னொருவர் பெயரில் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இதில் ஒன்றை நம்மில் பல பேர் கவனிப்பதில்லை. உரிமை கைமாறினாலும் பெயர் கைமாறாது. 25-ஆவது பிரிவின்படி, படைத்தவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய படைப்பை இன்னொருவர் பெயரில் வெளியிடக் கூடாது. கல்லூரி இணையத்தளத்துக்கும் மென்பொருளுக்கும் செலவு செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் செலவு என் பெயரை அழிக்கும் உரிமையைத் தராது.

கனடாவில், மாண்ட்ரியல் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இணையவழிப் பாடத்தின் பதிவுகளில் கலை வரலாறு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியருக்குக் கேள்வி அனுப்ப நினைத்த மாணவர், அவர் 2019-லேயே இறந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டார். அங்கே பெயராவது மிஞ்சியது.

அந்தக் கல்லூரிக்கு 25-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டிக் கடிதம் அனுப்பிவிட்டேன். முதல் ஸ்லைடை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பணம் கேட்கவில்லை.

அப்புறம், பட்டர்வொர்த்தில் வேறொரு கல்லூரி வரும் தவணைக்கு அழைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பேனாவால் இரண்டு வரி சேர்த்தேன்: பதிவுகள் இந்த ஒரு தவணைக்கு மட்டும், மறுபடி போட்டால் என் பெயரோடும் தனிக் கட்டணத்தோடும். எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று உள்ளங்கை வியர்த்தது. அலுவலக அக்கா படித்துப் பார்த்தார். "இது நியாயம்தானே" என்று சொல்லி மேலாளரிடம் கொண்டுபோனார். பத்து நிமிடத்தில் ஓரத்தில் மேலாளருடைய சுருக்கொப்பத்தோடு தாள் திரும்பி வந்தது.