டெல்லிக்கு ரெண்டு பவுன்

(முருகேசனுக்கு மதுரையிலிருந்து டெல்லிக்கு மாற்றல். மாடி வீட்டு சரோஜா அக்கா இருபது வருஷம் டெல்லியில் குடும்பம் நடத்தியவர்.)

முருகேசன்: அக்கா, எல்லாம் கட்டியாச்சு. கேஸ் சிலிண்டர்தான் பாக்கி. போர்வையில சுத்தி லாரியில ஏத்திடலாம்ல?

சரோஜா: ஏத்து. லாரியோட நீயும் மேல போயிடுவ. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கயே ஏஜென்சியில ஒப்படைச்சிடு. டெபாசிட்டைத் திருப்பிக் குடுத்து ஒரு டி.வி.யும் குடுப்பாங்க.

முருகேசன்: பழைய சிலிண்டருக்கு டி.வி.யா! எத்தனை இஞ்ச்?

சரோஜா: உள்ளங்கை அகலம். டி.வி.ன்னா டெர்மினேஷன் வவுச்சர்டா, இங்க கனெக்‌ஷனை முடிச்சாச்சுங்கிற சீட்டு. அந்தக் காகிதத்தைக் காட்டினாத்தான் அங்க கனெக்‌ஷன். டெபாசிட் அன்னைய ரேட்டுல கட்டணும். அடுப்பை மட்டும் எடுத்துட்டுப் போ.

முருகேசன்: பைக்கை ரயில்ல போடுறேன். இறங்கினதும் ஓட்டணும்னு டேங்கை ஃபுல் பண்ணி வச்சிட்டேன்.

சரோஜா: நல்லா வச்ச போ! பெட்ரோல் இருந்தா பார்சல் ஆபீஸ்ல தொடவே மாட்டாங்க. ட்யூபைக் கழட்டி மொத்தமும் வடிச்சிடு. கண்ணாடி ரெண்டையும் கழட்டிட்டு, சாக்கு சுத்தித் தைக்கச் சொல்லு. பேரு, போன் நம்பர், போற ஸ்டேஷன் எழுதி அட்டை கட்டு. ஆர்.சி. நகல், அடையாள அட்டை கையில இருக்கட்டும். அதுக்கு முன்னாடி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல 28ஆம் நம்பர் படிவம் குடுத்து என்.ஓ.சி., அதான் ஆட்சேபணை இல்லைங்கிற சான்று, வாங்கு. கடன்ல வாங்கின வண்டின்னா கடன் குடுத்தவங்க கடிதமும் வேணும். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டி நின்னா நம்பர் மாத்தியாகணும்.

முருகேசன்: நின்னாத்தானே? நான் ஓட்டிக்கிட்டே இருப்பேன்.

சரோஜா: இதை அங்க போலீஸ்கிட்ட சொல்லு, ரசிப்பார்.

முருகேசன்: வெயிலுக்கு ஏர்கூலர் வாங்கிக்கலாம்னு இருக்கேன்.

சரோஜா: மே, ஜூன்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், ஜில்லுன்னு இருக்கும். ஜூலையில மழை வந்துட்டா காத்துல ஏற்கெனவே ஈரம், கூலர் தண்ணி ஆவியாகாது. புழுக்கம்தான் ஏறும். குளிருக்கு இங்க போர்வை வாங்காத, அங்க போய் பஞ்சு ரஜாய் வாங்கு. ஜனவரியில தேங்காய் எண்ணெய் நெய் மாதிரி உறைஞ்சிடும், வாயகலமான பாட்டில்ல ஊத்தி வை. இட்லி மாவும் பொங்காது. கேக் சுடுற ஓவன் இருந்தா சூடு பண்ணாம, உள்ள பல்பை மட்டும் எரியவிட்டு ராத்திரி பூரா வை. இல்லேன்னா பாத்திரத்தைக் கம்பளியில சுத்து.

முருகேசன்: ரஜாய் மாவுக்கா எனக்கா?

சரோஜா: முதல்ல மாவுக்கு. ஹிந்தி படிச்சியா?

முருகேசன்: ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் மனப்பாடம்.

சரோஜா: ஒண்ணரை?

முருகேசன்: ஏக்... அரை?

சரோஜா: டேட். ரெண்டரைக்கு டாயி. மூணரையில இருந்துதான் சாடே போடணும், சாடே தீன், சாடே சார்னு. ஆட்டோக்காரர் 'டாயி சௌ'ன்னா 250.

முருகேசன்: ஒண்ணரைக்கும் ரெண்டரைக்கும் மட்டும் ஏன் தனிப்பேரு?

சரோஜா: முக்காலே மூணு வீசம்னு சொல்ற ஊர்க்காரன் கேக்கிற கேள்வியா இது?

முருகேசன்: அதை விடுங்கக்கா. ஹவுஸ் ஓனர்தான் மோசம். 11 மாச அக்ரிமென்ட், போலீஸ் வெரிஃபிகேஷன், எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கடைசியில 'பௌனே தோ'ங்கிறார். அட்வான்ஸுக்கு மேல ரெண்டு பவுன் எங்க போறது? வீட்டுல நேத்தே நகையெல்லாம் மாமியார் பீரோவுக்குப் போயிடுச்சு.

சரோஜா: அடப்பாவி! பௌனேன்னா கால் குறைச்சல். பௌனே தோன்னா ஒண்ணேமுக்கால் மணி. சாவி தர்ற நேரத்தைச் சொல்லியிருக்கார்.

(போன் அடிக்கிறது. முருகேசன் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு.)

முருகேசன்: லாரி டிரைவர்க்கா. நம்ம சாமானோட ஏதோ கல்லும் ஏத்தணுமாம். 'கல், கல்'ங்கிறார்.

சரோஜா: கல்னா நாளைக்கு. நேத்துக்கும் அதே வார்த்தைதான்.

முருகேசன்: ரெண்டுக்கும் ஒண்ணா? அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சரோஜா: பின்னாடி வர்ற சொல்லைக் கவனி. 'கல் ஆயேகா'ன்னா நாளைக்கு வருவார். 'கல் ஆயா தா'ன்னா நேத்தே வந்துட்டுப் போயிட்டார்.

முருகேசன்: வந்தவர் ஆயாவை எதுக்குக்கா கேட்டார்?