வளவில் விட்டால் மட்டும் ஊர்க்கோழி ஆகாது

இப்ப மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் 'வளவில விட்டு வளர்த்த கோழி' என்று வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் படம் போட்டு விற்கிறார்கள். எங்கட ஆக்கள் கோழி வளர்த்துப் பிழைப்பது எனக்குச் சந்தோசம். ஆனால் சொல்லும் விலை ஊர்க்கோழி விலை, படத்தில் நிற்பதோ வெள்ளை இறகும் அகன்ற நெஞ்சும் தடித்த காலும் உள்ள புரொயிலர். பண்ணைக் குஞ்சை வாங்கி வந்து, வேலியை அடைத்து, கொட்டில் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு ஊர்க்கோழி விலை கேட்பது நியாயம் இல்லை.

புரொயிலர் என்பது ஆறு கிழமைக்குள் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனம். எங்கட ஊர்க்கோழி ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ தேறுவதற்கே நாலைந்து மாதம் எடுக்கும். இரண்டையும் ஒரே வளவில் விட்டுக் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊர்க்கோழி மாட்டெருவைக் கிளறும், வேலியோரம் கறையான் பொறுக்கும், வைக்கோல் போருக்கடியில் உதிர்ந்த நெல்லைத் தேடும். புரொயிலர் தீன் தட்டைச் சுற்றியே படுத்திருக்கும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் வாயைப் பிளந்து இளைக்கும். அந்த உடம்பை அதன் காலும் இதயமும் தாங்காது. நடக்காத கோழிக்கு ஒரு ஏக்கர் வளவு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

இறைச்சியின் குணத்தைத் தீர்மானிப்பது இனமும் வயதும் நடையும் சேர்ந்துதான். ஓடித் திரிகிற கோழியின் தொடைத் தசை சிவந்திருக்கும், கொழுப்புக் குறைவு. வயது ஏற ஏறத் தசையைக் கட்டி வைத்திருக்கும் நார் இறுகும், அதனால்தான் கடித்தால் ஒரு பிடிப்பு இருக்கிறது. வேகமாக வளர்ந்த புரொயிலரில் நெஞ்சு மட்டும் பெருக்கும், அந்த அளவுக்குத் தசைக்குள் இரத்த ஓட்டம் கூடாது. தோலை உரித்து நெஞ்சைப் பாருங்கள், சிலதில் தசையோட்டத்துக்கு இணையாக வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடியிருக்கும். இன்னும் சிலது அழுத்தினால் விறைத்துக் கிடக்கும்.

மஞ்சள் கொழுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோளம் கூடுதலாகப் போட்டாலே அந்த நிறம் வந்துவிடும். நெஞ்செலும்பின் கீழ் முனையை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இளசு, கட்டியாக நின்றால் முற்றிய கோழி. நாலைந்து மாதம் வளர்ந்த சேவல் என்று தந்தால், காலில் குதிமுள் தட்டுப்படத் தொடங்கியிருக்க வேண்டும்.

பச்சைப் புல்லும் பூச்சியும் தின்ற கோழியின் கொழுப்பில் ஒமேகா 3 என்ற கொழுப்பமிலம் கூடுதலாக இருக்கும், அது நல்லது. ஆனால் அப்படிப்பட்ட கொழுப்புச் சீக்கிரம் காறிப் போகும். ஆகவே ஊர்க்கோழியை மாதக்கணக்கில் பிரிட்ஜில் வைக்காதீர்கள்.

'ஊர்க்கோழி கடினம், பல்லுக்கு ஏலாது' என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேணும். வளவெல்லாம் துரத்திப் பிடித்து, மூச்சு வாங்குகிற கோழியை உடனே அறுத்தால் இறைச்சி நீர் விட்டுக் கெட்டுப்போகும். இரவில் கூட்டில் அடைந்திருக்கும்போது மெல்லப் பிடித்து வைத்து, விடியற்காலை அறுங்கள். அறுத்த கையோடு சட்டியில் போடவும் வேண்டாம். தசை விறைத்துத் தளர நாலைந்து மணித்தியாலமாவது வேணும், அதுவரை குளிரில் இருக்கட்டும். பிறகு இரண்டாம் பாலில் சின்ன நெருப்பில் நின்று வேகட்டும், ரம்பையும் கறிவேப்பிலையும் போட்டு, தலைப்பாலைக் கடைசியில் விடுங்கள். அந்த இறுகிய நார் கரைந்து குழம்புக்குத் தடிப்பைக் கொடுக்கும். புரொயிலரை அவ்வளவு நேரம் வேக விட்டால் பிய்ந்து கரைந்துவிடும்.

புரொயிலரை நான் பழிக்கவில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வேகுவது அதனால்தான். அதை அதன் விலைக்கு, அதன் பெயரில் வில்லுங்கள்.

பிரான்சில் 'லேபல் ரூஜ்' என்று ஒரு தரச் சின்னம் 1960களில் இருந்து இருக்கிறது. அந்தச் சின்னத்தோடு கோழியை விற்க, மெதுவாக வளரும் இனமாக இருக்க வேணும், குறைந்தது 81 நாள் வளர்க்க வேணும், வெளியில் திரிய இடமும் கொடுக்க வேணும். விலை கூட, ஆனாலும் சனம் வாங்குது, ஏனென்றால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். மெதுவாக வளரும் கோழி ஒரு கிலோ இறைச்சிக்குக் கூடத் தீன் தின்னும், கீரிக்கும் பருந்துக்கும் குஞ்சு போகும், கொள்ளை நோய் ஒரு முறை வந்தால் கூடே காலியாகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அந்த நட்டத்தை எல்லாம் தாங்கி வளர்க்கிற அம்மாவின் கோழியும், ஆறு கிழமைப் புரொயிலரும் ஒரே விலைக்குப் போனால், அவ நாளைக்கு எதற்கு அடை வைக்க வேணும்?

விற்பனைப் பதிவு போடுகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, படத்துக்குக் கீழே இனத்தையும் நாளையும் எழுதுங்கள். ரோட் ஐலண்ட் ரெட் என்ற வெளிநாட்டு இனச் சேவலை ஊர்ப் பெட்டையோடு விட்டு எடுத்த குஞ்சென்றால் அதையும் அப்படியே போடுங்கள், அதுவும் நல்ல கோழிதான். வாங்குகிறவர்கள் நிறையைக் கேட்கிறதுக்கு முதல் வயதைக் கேளுங்கள்.